அப்பாவின் உதட்டுக்குச் சிவப்பு

சகலமானவர்களுக்கும் இதனால் அறிவிக்கப்படுவது என்னவென்றால், தம் இளைய மகனுக்குத் தெரிந்தவரை ஒருமுறைகூடச் சிரிக்காமல் வாழ்ந்து, அதே முகத்தோடு மறைந்தும் போன ஒரு கண்ணியவான், வருகிற வியாழக்கிழமை காலை ஒரு மின்சாரச் சூளைக்குள் வைத்து நிரந்தரமாகச் சிரிக்கவைக்கப்படுவார். அன்னாரின் சிரிப்பு வெயிலில் வெளுக்காது, தண்ணீரில் கரையாது, ஈரத்துணியால் துடைத்தால் போகாது. சுத்தியலால் அடித்தால் மட்டும் போகும்.

இந்த அறிவிப்பு எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை. கண்ணாடிக்காரரின் மனதுக்குள் மட்டும் ஒரு வாரமாகத் தமுக்கடித்துக்கொண்டிருந்தது.

கண்ணாடிக்காரர் என்பது தெரு வைத்த பெயர். அவர் தமக்கு வைத்துக்கொண்ட பெயர் 'கண்ணாடி ஓவியர்'. வீட்டுக்குப் பின்னால் இருந்த கார் கொட்டகையைப் பட்டறையாக்கி, அந்தப் பெயரைப் பலகையில் எழுதி மாட்டியும் இருந்தார். ஓவியர் என்ற பாதியை யாரும் படிக்கவில்லை. கண்ணாடி என்ற பாதியைப் படித்துவிட்டு, மூக்குக்கண்ணாடிக்குக் கால் உடைந்தவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஆரம்பத்தில் அவர்களுக்கெல்லாம் உட்காரவைத்து விளக்கம் சொன்னார். தகடுகளை அடுக்கிச் சூளையில் உருக்கி ஒன்றாக்குவதையும், அதன்மேல் எனாமல் வண்ணம் தீட்டி மறுபடி சுடுவதையும், அந்த வண்ணம் கண்ணாடியோடு கண்ணாடியாகிவிடுவதையும் சொன்னார். கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி சார், இந்தக் காலை மட்டும் ஒட்டிக் குடுங்க" என்றார்கள். இப்போதெல்லாம் பேசாமல் ஒட்டிக் கொடுத்துவிடுகிறார்.

தெருவை மன்னித்துவிடலாம். அண்ணனைத்தான் அவரால் மன்னிக்க முடியவில்லை.

அண்ணன் ஒரு பெரிய அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது அலுவலகம்தான் என்பது குடும்பத்தின் கருத்து. யாருக்காவது தம்பியை அறிமுகப்படுத்த நேர்ந்தால், "இவன் நம்ம தம்பி. கண்ணாடியில ஏதோ பண்றான்" என்பார். முப்பது வருடத் தொழில் அந்த 'ஏதோ'வுக்குள் சுருண்டு படுத்துக்கொள்ளும்.

அப்பேர்ப்பட்ட அண்ணனே ஒருநாள் போன் செய்தார்.

"புது வீட்டுல ஹால் சுவர் ஒண்ணு காலியா இருக்குடா. அப்பாவை வைக்கலாம்னு பாக்குறேன். போட்டோ வேண்டாம், எல்லார் வீட்டுலயும் போட்டோதான். நீதான் கண்ணாடியில ஏதோ பண்றியே."

"பண்றேண்ணே. பண்ணித் தரேன்." என்றார் கண்ணாடிக்காரர்.

"சிரிச்ச மாதிரி இருக்கணும்."

"யாரு?"

"அப்பாதான். வேற யாரு, நானா?"

"அப்பா எங்கண்ணே சிரிச்சாரு?"

போனில் இரக்கம் தெரியும் என்பது கண்ணாடிக்காரருக்கு அன்றுதான் தெரிந்தது. அண்ணன் ஒரு பெருமூச்சு விட்டுச் சொன்னார்: "உன்கிட்ட சிரிச்சிருக்க மாட்டாரு. என்கிட்ட சிரிப்பாரு."

தெரிந்த செய்திதான். பள்ளிக்கூட நாட்களில் மதிப்பெண் அட்டையை எடுத்துக்கொண்டு அண்ணன் முதலில் அப்பாவின் அறைக்குள் போவான். கதவு சாத்தப்படும். வெளியே தம்பி தன் அட்டையோடு நிற்பான். அண்ணன் வந்து, "அப்பா சிரிச்சாருடா" என்பான். பிறகு தம்பி போவான். அப்பா அட்டையைப் பார்ப்பார், கையெழுத்துப் போடுவார், அட்டை திரும்பி வரும். முகம் அப்படியே இருக்கும். கணக்கில் முதல் மதிப்பெண் வாங்கிய வருடமும் அப்படியேதான் இருந்தது. அன்றைக்கு விழுந்த முடிச்சு இன்றைக்கும் அவிழவில்லை. அண்ணனுக்குக் கிடைத்து தனக்குக் கிடைக்காத அந்தச் சிரிப்பு எப்படித்தான் இருந்திருக்கும்? தலை நரைத்த பிறகும் கண்ணாடிக்காரருக்கு இதுதான் கேள்வி. இப்போது அதைத் தானே தன் கையால் செய்ய வேண்டும். விருந்துக்குக் கூப்பிடப்படாதவனிடமே வந்து, அந்த விருந்து எப்படி ருசித்தது என்று எழுதித் தரச் சொன்ன கதை.

பார்த்தவரைத்தான் கேட்க வேண்டும். கேட்டார்.

"எப்படிண்ணே சிரிப்பாரு?"

"நல்லா சிரிப்பாரு. மனசாரச் சிரிப்பாரு."

"மனசு கண்ணாடியில ஒட்டாதுண்ணே. வாய் எந்தப் பக்கம் போகும்?"

"ரெண்டு பக்கமும் போகும்."

"சமமாவா?"

"அப்பா எல்லாத்திலயும் சமம்."

"என்கிட்ட சிரிக்கலையே, அதுல என்ன சமம்?"

"இந்தக் குதர்க்கம்தான்டா காரணம்" என்று சொல்லி அண்ணன் போனை வைத்துவிட்டார்.

அப்பாவுக்கு இருந்தது ஒரே ஒரு புகைப்படம், அலுவலக அடையாள அட்டைக்கு எடுத்தது. படம் எடுத்தவன் ஏதோ குற்றம் செய்துவிட்டதைப் போலவும், அதை விசாரிக்க இது நேரமில்லை என்பதைப் போலவும் அதில் பார்த்துக்கொண்டிருந்தார். உதடுகள் பசை போட்டு ஒட்டிய உறை மாதிரி மூடியிருந்தன. ஆகவே கண்ணாடிக்காரர் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று, தம் முகத்தில் இருந்த அப்பாவின் சாயலை வைத்துக்கொண்டு, விதவிதமாகச் சிரித்துப் பார்த்தார். நான்காவது சிரிப்பில் மனைவி வந்துவிட்டாள்.

"என்னங்க, யாரைப் பார்த்து இந்த இளிப்பு?"

"அப்பாவோட சிரிப்பு. பழகிப் பாக்குறேன்."

"மாமாவுக்கு அதெல்லாம் இருந்துச்சா?"

"அண்ணனுக்கு மட்டும் காட்டியிருக்காரு."

"அடேயப்பா! வீட்டைத்தான் பாகம் பிரிச்சாருன்னு நெனச்சேன். சிரிப்பையும் முழுசா தன் பேருக்கு எழுதிக்கிட்டாரா உங்க அண்ணன்?" என்றாள். போகிறபோக்கில், "உங்க அக்காவைக் கேளுங்களேன். கடைசி வரைக்கும் மாமா அவங்க வீட்டுலதான இருந்தாரு" என்றும் சொன்னாள்.

"அக்காவுக்கு என்ன தெரியும்? சோறு போட்டாங்க, துணி துவைச்சாங்க" என்றார் கண்ணாடிக்காரர். சில சமயம் அவரும் அண்ணனுக்குத் தம்பிதான்.

வேலை ஆரம்பமானது. அடியில் வெள்ளை, மேலே நிறமில்லாத தகடு. இரண்டும் சூளையில் உருகி ஒன்றாயின. விளிம்பெல்லாம் சிந்திய தண்ணீர் மாதிரி மழுங்கி உருண்டுகொண்டது. அந்தப் பலகையின் மேல்தான் அப்பா. எனாமல் என்பது கண்ணாடிப் பொடிதான். உலோகச் சாம்பல் கலந்து நிறம் ஏற்றியது. எண்ணெய் விட்டுக் குழைத்துத் தீட்டி, தகடுகளை உருக்கிய சூட்டை விடக் குறைந்த சூட்டில் சுட வேண்டும். சூடு குறைந்தால் நகத்தால் சுரண்டினாலே பெயர்ந்து வரும். கூடினால் கண்ணாடி அதை விழுங்கிவிடும். முதலில் கறுப்புக் கோடுகளைப் போட்டுச் சுட்டார். அடையாள அட்டையின் விசாரணைக் கண்கள் வந்தன. அடுத்து பழுப்பு நிழல்களைப் போட்டுச் சுட்டார். கன்னமும் மீசையும் வந்தன. இரண்டு கண்களுக்கு நடுவே அந்தப் பழைய மடிப்பு வந்தபோது, அவரை அறியாமல் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டார்.

மிச்சம் உதடு. உதட்டுக்குச் சிவப்பு.

எனாமல்களில் சிவப்புதான் மாப்பிள்ளை. மற்ற நிறங்கள் எல்லாம் வீட்டு ஆட்கள். கிடைத்த இடத்தில் ஒதுங்கிப் படுத்துக்கொள்ளும். சிவப்பு அப்படியில்லை. எல்லோரும் சுட்டு முடித்த பிறகு கடைசியாகத்தான் வரும். யாரோடும் கலக்காது. சூடு ஒரு பிடி கூடினால் கோபித்துக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் மேலாக அதற்குக் காற்று வேண்டும். குழைத்த எண்ணெய் எரிந்து புகையாக வெளியேறும்வரை சூளையின் மூடி ஒரு விரற்கடை திறந்தே இருக்க வேண்டும். மூடினால் புகை உள்ளேயே சுழலும். மாப்பிள்ளை முகம் கறுத்துவிடும். கறுத்தால் கறுத்ததுதான், எந்தச் சமாதானமும் எடுபடாது.

உதட்டைத் தீட்ட அவருக்கு ஒரு முழுப் பகல் ஆனது. அண்ணன் சொன்ன சமத்தை அவர் கேட்கவில்லை. இடது ஓரத்தை மயிரிழை உயர்த்தினார். சின்னச் சிரிப்புதான். ஒருவர் அட்டையில் கையெழுத்துப் போட்டு நீட்டும்போது, பேனாவை மூடுவதற்குள் வந்து போகிற அளவுக்குச் சின்னது. தீட்டி முடித்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்து பார்த்தார். சுடாத சிவப்பு செங்கல் தூள் மாதிரி மங்கிக் கிடந்தது. ஆனாலும் அப்பா அவரைப் பார்த்துத்தான் சிரித்தார். அண்ணனுக்குக் கொடுப்பதற்கு முன்னால் ஒருநாள் வைத்துக்கொள்ளலாமா என்றுகூட யோசித்தார்.

வியாழக்கிழமை வந்தது. பலகை சூளைக்குள் போனது. மூடியின் ஓரத்தில் ஒரு செங்கல் துண்டைச் செருகி, ஜன்னலைத் திறந்து, புகை இழுக்கும் விசிறியையும் போட்டுவிட்டுக் காத்திருந்தார். அப்போது அண்ணன் வந்தார். சொல்லிவிட்டு வருவது சாதாரண ஆட்களின் வழக்கம். கண்காணிப்பாளர்கள் திடீரென்றுதான் வருவார்கள்.

"எந்த நிலையில இருக்கு?"

"உதடு வெந்துட்டிருக்குண்ணே."

அண்ணன் கொட்டகையை ஒரு சுற்றுப் பார்த்தார். அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். திறந்திருக்கும் எதையும் மூடாமல் அவரால் தாண்டிப் போக முடியாது. கதவு, ஜன்னல், குழாய், பேனா, மற்றவர்களின் வாய் என்று வித்தியாசமே பார்க்க மாட்டார். அவர் பணிக்காலத்தில் அந்த அலுவலகத்தில் ஒரு கோப்பும் திறந்து கிடந்ததில்லை என்று பிரிவு உபசாரக் கூட்டத்தில் பாராட்டினார்கள். திறந்து பார்க்கப்பட்டதும் இல்லை என்பதை நாகரிகம் கருதி விட்டுவிட்டார்கள்.

முன்பக்கத்திலிருந்து மனைவி குரல் கொடுத்தாள். "என்னங்க, ஒருத்தர் கண்ணாடிக்குக் கால் ஒட்டணும்னு வந்து நிக்கிறாரு!"

"இதோ வரேன்" என்று எழுந்த கண்ணாடிக்காரர், "அண்ணே, எதையும் தொட்டுடாதீங்க" என்றார்.

"ஆபீஸையே நடத்துனவன்கிட்ட சொல்றியா?" என்றார் அண்ணன்.

அங்கேதான் பிசகியது. கால் ஒட்டிவிட்டு வந்து பார்த்தபோது கொட்டகையில் நல்லாட்சி நடந்துகொண்டிருந்தது. ஜன்னலுக்குத் தாழ்ப்பாள் போட்டிருந்தது. விசிறி நின்றிருந்தது. சொட்டிக்கொண்டிருந்த குழாய் இறுக்கப்பட்டிருந்தது. சூளையின் மூடி அழுந்த மூடியிருந்தது. செங்கல் துண்டை அலமாரியில் தூரிகைகளுக்குப் பக்கத்தில் ஒழுங்காக வைத்திருந்தார். நடுவில் முக்காலியில் அண்ணன் கைகட்டி உட்கார்ந்திருந்தார்.

"எல்லாத்தையும் திறந்து போட்டுட்டுப் போயிட்டியேடா. சூடெல்லாம் வெளிய போகுது. கரண்ட் என்ன சும்மாவா வருது?"

கண்ணாடிக்காரர் ஓடிப் போய் மூடியை ஒரு விரற்கடை தூக்கினார். கருகிய எண்ணெய்ப் புகை முகத்தில் அடித்தது. சூடு காட்டும் முள் போக வேண்டிய இடத்தைத் தாண்டிப் போயிருந்தது.

"அது மூச்சு விடணும்ணே" என்றார்.

"அடுப்புக்கு என்னடா மூச்சு?" என்று சிரித்தார் அண்ணன். "நாளைக்குக் காலையில அக்காவையும் கூட்டிட்டு வரேன். ரெடியா வை."

உடனே முழுக்கத் திறந்து பார்க்கவும் வழியில்லை. சூடு ஆறுவதற்குள் குளிர்காற்றுப் பட்டால் கண்ணாடி விரிசல் விட்டுவிடும். அவசரப்பட்டால் அப்பா இரண்டாவார். அன்று இரவு மனைவி சோறு போட்டபோது, "உங்க அண்ணன்கிட்ட நாலு வார்த்தை கேக்க வேண்டியதுதான?" என்றாள். "கேட்டா, நீ ஏன் திறந்து வச்சேன்னு திருப்பிக் கேப்பாரு" என்றார்.

காலையில் திறந்தார்.

கண்கள் இருந்தன, மீசை இருந்தது, மடிப்பு இருந்தது. சிரிப்பு மட்டும் இல்லை. உதட்டுச் சிவப்பு மொத்தமும் கறுத்த பழுப்பாகிவிட்டது. மயிரிழை உயர்த்திய அந்த ஓரம் மீசை நிழலோடு நிழலாகப் போயிருந்தது. மிஞ்சியது அழுந்த மூடிய ஒரு கோடு. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்திருந்தால்கூட ஒரு சிரிப்பு கிடைத்திருக்கும். இதுவோ, பிடிக்கப் போனது அப்பா, முடிந்ததும் அப்பா.

வருத்தப்பட நேரமில்லை. உதட்டின் மேல் தோல் நிறத்தை ஒளி ஊடுருவாதபடி பூசிச் சுட்டு, அதன் மேல் மறுபடி சிவப்பு வைத்துச் சுடலாம். கண்ணாடி இன்னும் இரண்டு சூடு தாங்கும். தூரிகையை எடுத்தார். வாசலில் கார் நின்றது.

அண்ணன் முன்னால் வந்தார். பின்னால் அக்கா, "இந்த முட்டி என்னைக்கு என்னை விடப்போகுதோ" என்று முனகிக்கொண்டே வந்து முக்காலியைப் பிடித்துக்கொண்டாள். குடும்பத்தில் மூத்தவள். அப்பா பேச்சு நின்று, நடை நின்று, கடைசியில் மூச்சு நின்றது வரை பார்த்துக்கொண்டவள்.

"அண்ணே, இன்னும் முடியல" என்று கண்ணாடிக்காரர் ஒரு துணியை எடுத்து மூடப் போனார். வாழ்க்கையில் முதல்முறையாக அண்ணன் ஒன்றை மூட விடாமல் தடுத்தார்.

பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். எதையும் திறந்து வைத்துப் பழக்கமில்லாத மனிதரின் வாய் திறந்தபடி நின்றது.

"இதுதாண்டா அப்பா" என்றார் கடைசியில். குரல் கண்காணிப்பாளருடையதாக இல்லை. "நல்லா பண்ணியிருக்கடா. இப்படிப் பண்ணுவேன்னு நான் நெனக்கவே இல்ல."

முப்பது வருடம் எதிர்பார்த்த வார்த்தை. அது வந்தது, கெட்டுப்போன வேலைக்கு. அதைக் கெடுத்ததும் அதே கை. வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் கண்ணாடிக்காரருக்கு வேண்டியது இப்போது பாராட்டு இல்லை.

"இது கெட்டுப்போச்சுண்ணே. மூடியை மூடினதால உதடு கறுத்துடுச்சு. நான் வச்ச சிரிப்பு போயிடுச்சு. ரெண்டு நாள் குடுங்க, மறுபடி சுட்டு சரி பண்ணிடறேன்."

"தொடாதே!"

"நீங்கதான சிரிக்கணும்னு சொன்னீங்க?"

"சொன்னேன்."

"உங்களைப் பார்த்துச் சிரிச்ச வாய் இதுவா?"

அண்ணன் பலகையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "என்னைப் பார்த்த வாய் இதுதான்" என்றார்.

"அப்ப அந்த மார்க் அட்டை? ஒவ்வொரு தடவையும் வெளிய வந்து சொல்வீங்களே?"

"கையெழுத்துப் போட்டு நீட்டுவாரு. அவ்வளவுதான். வெளிய வந்தா நீ நின்னுட்டிருப்ப, என்ன ஆச்சுன்னு என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு. பெரியவன் வெறுங்கையோட வர முடியுமாடா?" அண்ணன் மூக்கை உறிஞ்சினார். "சொல்லிச் சொல்லி எனக்கே அது நடந்த மாதிரி ஆயிடுச்சு. நீ செஞ்சு குடுத்தா ஒரு தடவை பாத்துடலாம்னுதான் சொன்னேன்."

கண்ணாடிக்காரர் தூரிகையைக் கீழே வைத்தார். இத்தனை வருடம் தோளில் தூக்கித் திரிந்த பொறாமைக்கு இப்போது ஆள் இல்லை. பாரம் இறங்கிவிட்டது, ஆனால் தோளுக்கு அது தெரியவில்லை. அது இன்னும் சாய்ந்தபடியே இருந்தது. சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தவனும் தன்னைப் போலவே அட்டையோடு நின்ற ஒரு பையன்தான் என்று நினைத்தபோது, அண்ணனைப் பிடித்து உட்காரவைக்க வேண்டும் போல இருந்தது. உட்காரவைக்க வேறு முக்காலி இல்லை.

"ஏண்ணே சிரிக்கவே இல்ல?" என்று மட்டும் கேட்டார்.

கேள்வி என்று ஒன்று வந்துவிட்டால் அண்ணனுக்குப் பதவி திரும்பிவிடும். கண்ணைத் துடைத்துக்கொண்டு தொண்டையைச் செருமினார். "பொறுப்புடா. அந்தக் காலத்து மனுஷங்க பாசத்தை வெளிய காட்ட மாட்டாங்க. சிரிச்சா பிள்ளைங்க தறிகெட்டுப் போயிடும்னு உள்ளுக்குள்ளயே பூட்டி வச்சிருந்தாரு. அது ஒரு தவம்."

"ஆமாண்ணே" என்றார் கண்ணாடிக்காரர். அவருக்கும் பிடி கிடைத்துவிட்டது. "அந்த வாய் மூடியிருக்கல. கட்டிக் காத்துட்டிருந்திருக்கு. நெருப்புக்கே அது தெரிஞ்சிருக்கு. நான் பொய்யா ஒரு சிரிப்பை வச்சேன், நெருப்பு அதை எடுத்துட்டு உண்மையை வச்சிடுச்சு."

"கரெக்டு! மலைடா அவரு. மலை எங்கயாவது சிரிக்குமா?"

"சிரிக்காதுண்ணே."

தலை நரைத்த இரண்டு பிள்ளைகளும் அந்த மலையின் முன்னால் கண்கலங்கி நின்றார்கள். அண்ணன் கை தம்பியின் தோளில் விழுந்தது. இவ்வளவையும் அக்கா முட்டியைத் தடவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"முடிச்சிட்டீங்களா ரெண்டு பேரும்?" என்றாள். "சின்ன வயசுல அப்பா சைக்கிள்ல இருந்து முகங்குப்புற விழுந்தாரு. அம்மாவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும், வெளிய சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தாரு. இனிமே என்ன? அப்பாவுக்கு மேல் பல்செட் லூஸுடா. சிரிச்சா கழண்டு விழுந்துடும்."